காம்பராவுக்குள் வெயில்

பாடசாலை மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது சித்திர அறையின் வரலாறு. அதிபர்களின் வரிசை, கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டுக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் வேறு ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். எனக்கு வந்தது மேல் கட்டடத்தின் கடைசி அறை. அதன் கதவில் ‘களஞ்சியம்’ என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை வர்ணம் பூசிய பிறகும் மழை நாட்களில் அந்த எழுத்து மேலே தெரியும். மாணவருக்குப் பகலில் கொடுக்கும் பிஸ்கட் பெட்டிகளை ஒரு காலத்தில் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டிகள் போனபின் உடைந்த மேசைகள் வந்தன. மேசைகளை ஒதுக்கிவிட்டு நானும் பிள்ளைகளும் உள்ளே போனோம்.

அறை என்பது நமது தோட்டப் பாடசாலைகளின் கதையில் சின்ன விஷயம் அல்ல. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் துரைமாருக்கு இரண்டு கடமைகளை விதித்தது. ஆறு வயது முதல் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குத் தகுந்த ஓர் அறையை ஒதுக்கி, அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் அந்த அறை தகரக் கூரை போட்ட கொட்டிலாகத்தான் இருந்தது. ஒரு வாத்தியார், ஒரே கூரையின் கீழ் எல்லா வகுப்பும். ஒரு மூலையில் அரிச்சுவடி, மறு மூலையில் வாய்ப்பாடு. சித்திரம் என்று ஒரு பாடம் இருப்பதே தங்களுக்குத் தெரியாது என்று பழைய மாணவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இலிருந்து பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. பிறகு சுவீடன் நாட்டின் ‘சீடா’ உதவியோடு 1986இல் தொடங்கிய பெருந்தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் வந்தது. கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஜெர்மன் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. சுவர் வைத்த வகுப்பறையும் பயிற்சி பெற்ற நம் ஊர் ஆசிரியர்களும் கிடைத்தது அதற்குப் பிறகுதான். இந்தப் பகுதியை மலரின் மற்றக் கட்டுரைகள் விரிவாகச் சொல்லும். நான் களஞ்சிய அறைக்குத் திரும்புகிறேன்.

முதல் வருடம் தரம் 8 பிள்ளைகளிடம் ‘எங்கள் வீடு’ என்று தலைப்புக் கொடுத்தேன். முப்பதுக்கு மேற்பட்ட கடதாசிகள் வந்தன. எல்லாவற்றிலும் இரண்டு மலை, நடுவே சூரியன், சிவப்பு ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம், முன்னால் ஓடை. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் மலைக்கும் ஓடைக்கும் பஞ்சமில்லை. கெஹெல்கமு ஓயா நம் காலடியில்தான் ஓடுகிறது. ஆனால் தென்னை ஏது? தனியாக நிற்கும் ஓட்டு வீடு ஏது? அந்தப் பிள்ளைகளில் மூன்று நான்கு பேரைத் தவிர எல்லாரும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள். ஒருவர்கூட லயத்தை வரையவில்லை. ஒரு பெண் பிள்ளையிடம் கேட்டேன். “எங்க காம்பராவுல என்னா சேர் இருக்கு, வரையிறதுக்கு?” என்றாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். எனக்கு அன்று பதில் வரவில்லை.

அதே வருடம் கொழும்பில் மக்கலம் வீதிப் பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு நாட்காட்டி அகப்பட்டது. வருடம் கழிந்துபோன நாட்காட்டி, தாள்கள் மட்டும் நல்ல கனமான தாள்கள். பன்னிரண்டும் டென்மார்க் ஓவியர்கள் வரைந்த வீட்டு உட்புறக் காட்சிகள். விலை கொடுத்து வாங்கியபோது என்ன தேவைக்கு வாங்குகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. பஸ்ஸில் ஹட்டன் வந்து சேர்வதற்குள் இரண்டு தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

ஒன்று வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1900இல் வரைந்தது. ஓர் ஆளில்லா அறை. மேசை இல்லை, கதிரை இல்லை. ஒரு ஜன்னல், பக்கத்தில் சாத்திய கதவு. ஜன்னல் வழியே சரிந்து விழும் வெயில், அந்த வெயிலில் மிதக்கும் தூசி. அவ்வளவுதான் படம். படத்தின் பெயரும் வெயில் கற்றையில் ஆடும் தூசியைப் பற்றியதே. ஹாமர்ஷோய் 1864இல் பிறந்து 1916இல் மறைந்தவர். கொப்பன்ஹேகன் நகரில் ஸ்ட்ராண்ட்கேட என்ற தெருவின் 30ஆம் இலக்க வீட்டில் 1898 முதல் 1909 வரை மனைவி ஈடாவுடன் குடியிருந்தார். அந்த ஒரு வீட்டின் அறைகளையே சாம்பலும் வெள்ளையும் மண்ணிறமுமாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஈடா பல படங்களில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கையில் ஒரு தட்டம் இருக்கும், அல்லது ஏதோ வேலையில் குனிந்திருப்பார். பின்கழுத்து மட்டும் வெளிச்சத்தில் இருக்கும். ஹாமர்ஷோயின் மைத்துனர் பீட்டர் இல்ஸ்டெட், நண்பர் கார்ல் ஹோல்சோ இருவரும் இதே வழியில் அமைதியான வீட்டு அறைகளை வரைந்தார்கள். நாட்காட்டியில் அவர்களும் இருந்தார்கள். ஹாமர்ஷோயின் வெற்றறை என்னைப் பிடித்த அளவுக்கு அவர்களுடைய அழகான அறைகள் பிடிக்கவில்லை.

இரண்டாவது, அன்னா அங்கர் 1891இல் வரைந்தது. நீலச் சுவர் உள்ள அறை. ஒரு சிறு பெண், ஓவியரின் மகள் ஹெல்கா, பாட்டியின் அறையில் முதுகு காட்டி உட்கார்ந்து பின்னல் வேலை செய்கிறாள். ஜன்னலின் வெயில் சட்டம் சட்டமாகச் சுவரில் விழுந்திருக்கிறது. சுவரின் அந்த நீலத்தைப் பார்த்ததும் நம் பிள்ளைகள், “சேர், இது எங்க சொவரு” என்றார்கள். சுண்ணாம்பில் நீலம் கலந்து பொங்கலுக்கு முன் காம்பராவுக்குள் அடிப்போமே, அதே நீலம்.

அன்னா அங்கரைப் பற்றி நான் பிள்ளைகளுக்கு விரிவாகவே சொல்வேன். டென்மார்க்கின் வடமுனையில் ஸ்கேகன் என்று ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கே கிடைக்கும் வெளிச்சத்துக்காக 1870களிலிருந்து ஓவியர்கள் நகரத்திலிருந்து வந்து தங்கினார்கள். வந்தவர்கள் கடற்கரையை வரைந்தார்கள், படகை வரைந்தார்கள், மீனவரை வரைந்தார்கள், மாலைக் கருக்கலில் கரையோரம் நடக்கும் பெண்களை வரைந்தார்கள். அவர்கள் எல்லாரிலும் ஸ்கேகனிலேயே பிறந்து வளர்ந்தவர் அன்னா ஒருவர்தான். அவர் பெற்றோர் அந்த ஊரில் விடுதி நடத்தினார்கள். வந்த ஓவியர்கள் தங்கியது அந்த விடுதியில். கொப்பன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் அப்போது பெண்களைச் சேர்ப்பதில்லை. கடலும் மணலும் அவருக்கும் கண்முன்னே கிடந்தன. ஆனாலும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது அறையின் உட்புறத்தை: தைக்கும் பெண், பறவை இறகு பிடுங்கும் கிழவர், சமையலறையில் நிற்கும் வேலைக்காரி, சுவரில் விழும் வெயில். வெளியூரிலிருந்து வந்தவர் வாசலில் நிற்பார். உள்ளே கூப்பிட்டால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அதிகாலையில் அந்தச் சுவரில் வெயில் எந்த இடத்தில் முதலில் படும் என்று வீட்டில் பிறந்தவளுக்குத்தான் தெரியும்.

இதைத்தான் நம் மலையகத்தோடு வைத்துப் பார்க்கச் சொன்னேன். உலகம் நம் தாய்மாரை எங்கே பார்த்திருக்கிறது? தேயிலை டின்னில், தபாலட்டையில், விமான நிலையச் சுவரில். எல்லாவற்றிலும் பச்சை மலை, தலையில் கயிறு, முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு. படங்கு கட்டிக்கொண்டு மலையில் நிற்கும் அம்மாவை நூற்றைம்பது வருடமாகப் பிறர் படம் பிடித்திருக்கிறார்கள். வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்குப் போகுமுன் விடியற்காலை நாலரைக்கு அடுப்பு ஊதும் அம்மாவை யார் பிடித்தார்கள்? காம்பராவின் உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்தவர் மிகக் குறைவு. அதை வரைய வேண்டியவர் அங்கே படுத்து எழும்புகிறவர்தான் என்பதை அந்த நாட்காட்டி எனக்குச் சொன்னது. ‘என்னா இருக்கு’ என்று கேட்ட பிள்ளைக்கு எனக்குக் கிடைத்த பதிலும் அதுதான்.

பதில் கிடைத்தாலும் வேலை இலேசாக இருக்கவில்லை. ஹாமர்ஷோயின் வீட்டில் ஓர் அறைக்கு அப்பால் இன்னோர் அறை, அதற்கு அப்பால் இன்னொன்று என்று கதவுகள் திறந்துகொண்டே போகும். அவர் ஓர் அறையில் உட்கார்ந்து அடுத்த அறையை வரையலாம். லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் கட்டில், அதன் கீழ் ட்ரங்குப் பெட்டி, கயிற்றில் துணி, சாமி படம், பள்ளிக்கூடப் பைகள், விறகு, ஐந்தாறு உயிர்கள். வரைய வேண்டிய பொருளிலிருந்து எட்டி உட்கார இடம் கிடையாது. முதல் வாரம் பிள்ளைகள் கொண்டு வந்த கடதாசிகளில் ஒரு கட்டில் கால் முழுப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக இடம் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி இஸ்தோப்பில் உட்கார்ந்து கதவுச் சட்டத்தின் வழியே உள்ளே பார்த்தாள். கதவே படத்துக்குச் சட்டமாகிவிட்டது. ஒரு பையன் கட்டிலின்மேல் ஏறிச் சுவரில் சாய்ந்து, மேலிருந்து கீழே பார்த்து வரைந்தான். தரையும் அடுப்பும் தங்கச்சியின் உச்சி வகிடும் அதில் வந்தன. தூரம் இல்லாத அறைக்கென்று ஒரு பார்வைக் கோணத்தை அவனே உண்டாக்கினான். பரீட்சைப் பாடத்திட்டத்தில் நான் சொல்லிக்கொடுத்த தூரதரிசனம் அங்கே உதவவில்லை.

அடுத்த சிக்கல் வெளிச்சம். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்போம். ஜன்னலே இல்லாத காம்பராவும் உண்டு. வெளிச்சம் வருவது கதவால். அடுப்புப் புகை அந்த வெளிச்சத்தில் ஏறி மிதக்கும். ஹாமர்ஷோய் தூசியை வரைந்தார் என்றால் நம் பிள்ளைகள் புகையை வரைந்தார்கள். புகைக்குச் சரியான நிறம் கிடைக்காமல் ஒருத்தி தேயிலைச் சாயத்தை நன்றாகக் கொதிக்கவைத்துத் தாளில் பூசிப் பார்த்தாள். காய்ந்ததும் விளிம்பு கறுத்து, நடுவே மங்கலாக, அடுப்படிச் சுவரின் நிறம் அப்படியே வந்தது. அன்றிலிருந்து மண்ணிற வர்ணப்புட்டியை நாங்கள் அதிகம் வாங்கவில்லை.

வெளிச்சம் வர இன்னொரு வழி உண்டு. அதைச் சொன்னது ஒரு பையன். கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற துளைகள். மழைக்கு அவை எதிரி. பாத்திரம் வைத்து ஏந்த வேண்டும். வெயிலுக்கோ ஒவ்வொரு துளையும் தரையில் ஒரு காசு போடும். துளை சதுரமாகவோ கோணலாகவோ இருந்தாலும் தரையில் விழுவது வட்டம். ஏன் என்று அவன் கேட்டான். அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். இருட்டறையின் சுவரில் சிறு துளை இருந்தால் வெளியே உள்ளதன் பிம்பம் உள்ளே விழும். பத்தடி தூரம் வந்து விழும் சூரியப் பிம்பம் ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். 2019 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சூரிய கிரகணம் வந்தது. வடக்கில் அது கங்கண கிரகணம், நமக்குப் பகுதிக் கிரகணம். அன்று பாடசாலை விடுமுறை. விடுமுறை முடிந்து வந்தபோது இரண்டு பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிவைக்காமல் ஒரே விஷயத்தை வரைந்து கொண்டுவந்தார்கள்: காம்பராத் தரை முழுவதும் பிறை பிறையாக வெயில்.

இருட்டறையில் ஒரு துளை. கமராவின் அடிப்படையே அதுதான். இந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும். லத்தீன் மொழியில் ‘கமெரா’ என்றால் வளைந்த கூரையுள்ள அறை. அதிலிருந்து போர்த்துக்கேயரின் ‘காமரா’ வந்தது. அவர்கள் இந்தத் தீவில் விட்டுப்போன அந்தச் சொல்தான் சிங்களத்தில் ‘காமரய’, நம் வாயில் ‘காம்பரா’. பிள்ளைக்காம்பராவில் தொட்டில் கட்டிக் கிடந்த நாளிலிருந்து நாம் சொல்லிவரும் சொல்லும், படம் பிடிக்கும் கருவியின் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை.

அந்தக் கருவியைக் கையாண்ட உலகறிந்த பெண் ஒருவர் நம் ஊரிலேயே உறங்குகிறார் என்பதைப் பலரும் அறிவதில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கமரன், இலங்கையின் நீதித்துறையை மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன். நம் மலைகளில் அவர்களுக்குக் கோப்பிக் காணிகள் இருந்தன. இங்கிலாந்தில் வைட் தீவில் குடியேறிய வீட்டுக்குத் திம்புளையின் நினைவாக ‘டிம்போலா’ என்று பெயர் வைத்தார்கள். 1863ஆம் ஆண்டு கடைசியில், 48ஆவது வயதில், ஜூலியாவுக்கு மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாக்கினார்; நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாக்கினார். வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியரை மரியன்னையாக உட்காரவைத்துப் படம் பிடித்தார். பக்கவாட்டில் ஒரே வெளிச்சம், பின்னால் இருட்டு, நடுவில் முகம். களஞ்சியத்தைச் சித்திர அறையாக்கிய எங்களுக்கு அந்தக் கோழிக்கூடு பெரிய ஆறுதல்.

1875இல் கணவன் மனைவி இருவரும் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். களுத்துறையில் இருந்தபோது அங்குள்ள கிராமத்தவரையும் வேலையாட்களையும் அவர் படம் பிடித்தார், மிஞ்சியவை சொற்பம். 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்த காலம் அது. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேன் தோட்டத்தில் அவர் காலமானார். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் கணவரும் அங்கேயே அடக்கமானார். ஒவ்வொரு வருடமும் தரம் 10 பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது நம் சித்திர அறையின் வழக்கமாகிவிட்டது. கல்லறையில் பூ வைக்கும் பிள்ளைகளிடம் நான் ஒன்றை மறைக்காமல் சொல்வேன்: இவர் நம்மவர்களின் முகத்தை அன்போடு பார்த்தவர், ஆனாலும் தோட்டக்காரரின் மனைவி. லயத்தின் உட்புறம் அவர் கமராவுக்குள் வரவில்லை.

டென்மார்க்குக்கும் நமக்கும் என்ன உறவு என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்டார்கள். உண்டு. 1618இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் இலங்கையை நாடித்தான் வந்தன. இங்கே காலூன்ற முடியாமல், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றார்கள். 1845 வரை அது அவர்களிடம் இருந்தது. நம் முன்னோர் கப்பலேறிய தமிழகக் கரையில்தான் அந்த ஊரும் இருக்கிறது. 1732இல் சாசனம் பெற்ற டேனிஷ் ஆசியக் கம்பனி தரங்கம்பாடியை 1777 வரை நிர்வகித்தது. சீனத் தேயிலையைக் கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுபோய்ச் செல்வம் சேர்த்தது. அந்தக் கம்பனியின் கட்டடங்கள் நின்றது ஸ்ட்ராண்ட்கேட தெருவில், ஹாமர்ஷோய் வீட்டுக்கு எதிர்ப்புறம். 1902இல் அந்தக் கட்டடங்களைப் பனிமூட்டத்தில் வரைந்தார். 1913இல் அங்கேயே குடிபோனார். அவருடைய அமைதியான அறைக்கு வெளியே நின்றது தேயிலையும் தமிழ்க் கடற்கரையும் கட்டிய கட்டடம். இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒருவரும் மேலே கேட்கவில்லை.

இன்று சித்திர அறையில் பிள்ளைகள் வரைந்த காம்பராக்கள் இரண்டு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதுதான் பெரும்பாடு. ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவ மழையில் தாள் எல்லாம் குளிர்ந்து நனைந்ததுபோல ஆகிவிடும். வேப்பிலை, கற்பூரம், கரித்துண்டு என்று எல்லாம் வைத்துப் பார்த்திருக்கிறோம். வரைந்த காம்பராக்களில் சில இப்போது மலையில் இல்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிப் போனவர்கள் உண்டு. இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் வீடுகள் 550 சதுர அடி. அங்கே ஜன்னல் இருக்கிறது, இரண்டு படுக்கையறை இருக்கிறது, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறையைப் பார்க்கலாம். அந்த வீட்டுக்குப் போன ஒரு மாணவி முதன்முதலாக வரைந்து வந்தது வெறும் அறை. சாமான் இன்னும் வந்து சேராத அறை, ஜன்னல், சிமெந்துத் தரையில் வெயில். ஹாமர்ஷோயின் படத்தை அவளுக்கு நான் காட்டியிருக்கவில்லை. மற்றவர்கள் இன்னும் லயத்தில்தான். அவர்களுக்கும் அப்படி ஒரு வெறும் அறையில் வெயில் விழ வேண்டும் என்பது என் ஆசை, என் கோபமும் அதுதான்.

போன வருடம் சித்திர அறையில் கண்காட்சி வைத்தோம். மதியம் கொழுந்து நிறுத்தபின் ஒரு தாய் படங்கோடும் ஈரக் காலோடும் நேரே வந்தார். உள்ளே வரத் தயங்கி வாசலில் நின்றவரை மகள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மகள் வரைந்த படத்தில் விடியற்காலை அடுப்புக்கு முன் குந்தியிருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. தலையில் முடிச்சு, தோளில் பழைய ஸ்வெட்டர், அடுப்பின் சிவப்பு ஒரு காதில் மட்டும். தாய் வெகுநேரம் பார்த்தார். அது தான்தான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரலை நீட்டி, தாளில் படாமல், அடுப்புக்கு மேலே ஓரிடத்தைக் காட்டினார்.

“பலகைய விட்டுட்டியே புள்ள. உப்புப் போத்தலு அதுலதான இருக்கு.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் பென்சிலைக் கொடுத்தேன். சுவரில் தொங்கும் படத்தின்மேலேயே, அம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் பலகையை வரைந்தாள்; உப்புப் போத்தல், மிளகாய்த்தூள் டின், பக்கத்தில் நெருப்புப் பெட்டி.